குறட்டையும் கணிப்பொறியும்

குறட்டை என்றவுடன் நமக்குச் சிரிப்பு வருகிறது. திரைப்படத்தில் நகைச்சுவை நடிகர் குறட்டை விட்டால் கொட்டகை அதிர்கிறது. விடுதியில் அறைத்தோழன் குறட்டை விட்டால் மறுநாள் காலை இட்லிக்கு வரிசையில் நிற்கும்போது அதுவே பேச்சு. கும்பகருணனை எழுப்ப இலங்கை பட்ட பாட்டைத் தெருக்கூத்தில் கண்டு வயிறு வலிக்கச் சிரித்தவர்கள் நாம். ஆங்கிலேயரும் நமக்குச் சளைத்தவர்கள் அல்லர். சார்லஸ் டிக்கன்ஸ் 1836–37ஆம் ஆண்டுகளில் எழுதிய பிக்விக் கதையில் ஜோ என்றொரு பருத்த பையன் வருகிறான். நின்ற இடத்திலேயே உறங்கிப் போவான். ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் படித்தவர்கள் அவனைக் கண்டு சிரித்தனர். 1956இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் அவனைப் போன்ற நோயாளி ஒருவரை ஆராய்ந்து, அந்த நோய்க்கு டிக்கன்ஸ் கதையின் பெயரையே சூட்டினர். 1965இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதைக் கருவிகள் கொண்டு பதிவு செய்தனர். சிரிப்பு அதன் பிறகே மெல்ல அடங்கியது.

உறக்க மூச்சுத்தடை என்று இதைச் சொல்லலாம். நாம் உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அவ்வாறு தளரும்போது மூச்சுப் பாதையே மூடிக்கொள்கிறது. மார்பும் வயிறும் காற்றுக்காகப் போராடுகின்றன. காற்று உள்ளே செல்வதில்லை. குருதியில் உயிர்வளி குறைகிறது. மூளை திடுக்கிட்டு விழித்துத் தொண்டையைத் திறக்கிறது. ஒரு பெரிய குறட்டையுடன் மூச்சு மீள்கிறது. உறங்குபவருக்கு இது எதுவும் தெரியாது! பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு இவ்வாறு தடைபட்டால் ஒன்று என எண்ணுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் ஐந்துக்குக் குறைவென்றால் அஞ்ச வேண்டியதில்லை. முப்பதும் அதற்கு மேலும் என்றால் நோய் கடுமை. மணிக்கு முப்பது என்றால் ஏழு மணி நேர உறக்கத்தில் இருநூற்றுப் பத்து முறை! ஓர் இரவில் இருநூற்றுப் பத்து முறை கழுத்து நெரிக்கப்பட்ட மனிதன் காலையில் எழுந்து, பல் துலக்கி, வேலைக்குப் போகிறான். அந்த வேலை லாரி ஓட்டுவதாக இருந்தால்?

அரியலூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் கடலடியாக இருந்த நம் மண்ணில் சுண்ணாம்புக்கல் கிடைக்கிறது. அதனால் சிமெண்டு ஆலைகள் வந்தன. ஆலைகளால் லாரிகள் வந்தன. கல் ஏற்றிய வண்டி சுரங்கத்திலிருந்து ஆலைக்கும், மூட்டை ஏற்றிய வண்டி ஆலையிலிருந்து ஊர் ஊருக்கும் இரவென்றும் பகலென்றும் பாராமல் ஓடுகின்றன. மேற்கே பெரம்பலூரை ஊடுருவிச் செல்கிறது சென்னை – திருச்சி நெடுஞ்சாலை. காலைப் பேருந்தில் கல்லூரிக்கு வரும் நம்மில் பலர் சாலையோரம் கவிழ்ந்து கிடக்கும் லாரியை ஒரு முறையேனும் கண்டிருப்போம். "தூங்கிட்டான் போல" என்று நடத்துனர் சொல்வார். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்துவிடும். ஏன் தூங்கினான் என்று யாரும் கேட்பதில்லை. குடித்திருப்பான், இரவெல்லாம் ஓட்டியிருப்பான் என்று நாமே தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். எட்டு மணி நேரம் படுத்து எழுந்தும் உறங்காதவனாக ஒருவன் இருக்க முடியும் என்பது நம் நினைவுக்கு வருவதே இல்லை.

இந்த நோய் அரிதானதா? இல்லை. உலகில் முப்பது முதல் அறுபத்தொன்பது வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ 93 கோடியே 60 லட்சம் பேருக்கு இது இருக்கலாம் என 2019இல் வெளிவந்த மதிப்பீடு கூறுகிறது. தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தினர் இந்திய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2023இல் வெளியிட்ட கணக்கின்படி உழைக்கும் வயதினரான இந்தியருள் 10 கோடியே 40 லட்சம் பேருக்கு இந்நோய் உண்டு. அவர்களில் 4 கோடியே 70 லட்சம் பேருக்கு நடுத்தரமாகவோ கடுமையாகவோ உண்டு. ஆண்களில் நூற்றுக்குப் பதின்மூவர், பெண்களில் நூற்றுக்கு ஐவர். பெண்கள் பற்றிய எண்ணில் எனக்கு ஓர் ஐயம். பெண்களுக்கு இந்நோய் பல நேரங்களில் குறட்டையாக வெளிப்படாமல் களைப்பாகவும் உறக்கமின்மையாகவும் மனச்சோர்வாகவும் வெளிப்படுகிறது என மருத்துவர்கள் கூறுகின்றனர். அதற்கு மேல், நம் வீடுகளில் ஒரு பெண் "நான் குறட்டை விடுகிறேன்" என்று யாரிடம் சொல்வாள்? "நாளெல்லாம் அசதியா இருக்கு" என்றால் இரத்தசோகைக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இதற்கு மருந்துண்டா? நல்ல கருவி உண்டு. ஆஸ்திரேலியாவில் சிட்னிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காலின் சல்லிவன் என்னும் மருத்துவர், தூசி உறிஞ்சும் பொறியின் மோட்டாரைக் கொண்டு மூக்கின் வழியே காற்றை இடைவிடாமல் அழுத்திச் செலுத்தும் முறையைக் கண்டார். 1981இல் அதை வெளியிட்டார். உள்ளே செல்லும் காற்றின் அழுத்தமே தொண்டையை மூடவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது. எவ்வளவு எளிய இயற்பியல்! நம் ஆய்வுக்கூடத்தில் நீர் அழுத்தமானியைக் கொண்டு நாம் அளக்கிறோமே, அதே அளவைதான்: நான்கு முதல் இருபது செண்டிமீட்டர் நீரழுத்தம். இன்றும் முதல் சிகிச்சை இதுவே.

ஆனால் இதை எத்தனை பேர் அணிகிறார்கள் என்பதில்தான் சிக்கல். இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 2,717 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2016இல் வெளிவந்தது. அவர்களில் கருவி தரப்பட்டவர்கள் அந்த முகமூடியை ஓர் இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரமே அணிந்திருந்தனர். குறட்டையும் பகல் உறக்கமும் குறைந்தன. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. மருத்துவ உலகம் திகைத்தது. பின்னர் ஸ்பெயின் நாட்டு ஆய்வொன்றின் பதிவுகளை மீண்டும் அலசிப் பார்த்தபோது வேறொன்று புலப்பட்டது. மூச்சு தடைபடும் ஒவ்வொரு முறையும் யாருக்கு நாடித்துடிப்பு மிகுதியாக எகிறுகிறதோ, அவர்களுக்கு இந்தக் கருவி இதயத்தைக் காப்பதாகத் தெரிந்தது. மற்றவர்களுக்கு அந்தப் பயன் தென்படவில்லை. ஒரே பெயருள்ள நோய். ஆனால் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்குத் தொண்டை இயல்பிலேயே குறுகல். ஒருவருக்குத் தசை எளிதில் விழிப்பதில்லை. ஒருவருக்கு மூளை சிறு தடைக்கும் விழித்துக்கொள்கிறது. இன்னொருவருக்கு மூச்சை ஆளும் நரம்புக் கட்டளை கூடிக் குறைந்து ஊசலாடுகிறது. எல்லோருக்கும் ஒரே சட்டையை மாட்டினால் எப்படிப் பொருந்தும்?

செயற்கை நுண்ணறிவு இங்கேதான் நுழைகிறது. உறக்க ஆய்வு என்பது தலை, கண்ணோரம், தாடை, மார்பு, விரல் எங்கும் கம்பிகளை ஒட்டி ஓர் இரவு முழுவதையும் பதிவு செய்வது. அந்தப் பதிவை முப்பது முப்பது விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு தேர்ந்த பணியாளர் கண்ணால் பார்த்துக் குறிக்க வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு 960 துண்டுகள்! கணிப்பொறி இதைச் சில நிமிடங்களில் குறித்துவிடுகிறது. கைக்கடிகாரத்திலேயே மூச்சுத்தடையின் அறிகுறியைக் காட்டும் வசதிக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024இல் சாம்சங், ஆப்பிள் ஆகிய இரு நிறுவனங்களுக்கும் ஒப்புதல் அளித்தது. (அது எச்சரிக்கை மட்டுமே; நோய் உறுதி என்று அந்நிறுவனங்களே சொல்வதில்லை.) இதற்கு அடுத்த படியில் ஆராய்ச்சியாளர் இப்போது நிற்கின்றனர். ஆயிரமாயிரம் இரவுகளின் பதிவுகளைக் கணிப்பொறிக்குக் கற்பித்து, 'இவருக்குக் காற்றழுத்தம் வேண்டும். இவருக்குத் தாடையை முன்னிழுக்கும் பற்கருவி போதும். இவர் ஒருக்களித்துப் படுத்தாலே பாதி குறையும். இவருக்கு எடை குறைக்கும் மருந்து' என்று பிரித்துச் சொல்ல வைப்பதே அவர்கள் முயற்சி. உடற்பருமனோடு கூடிய மூச்சுத்தடைக்கு டிர்செபடைடு என்னும் ஊசி மருந்தை 2024 டிசம்பரில் அமெரிக்கா ஏற்றது. ஆகவே தெரிந்தெடுக்க வழிகள் பெருகியுள்ளன. தெரிந்தெடுப்பதற்குத்தான் துணை வேண்டும்.

இந்த முயற்சியை நான் வரவேற்கிறேன். எந்திரம் மருத்துவரை விழுங்கிவிடும் என்று அஞ்சுகிறவர்கள் கூட்டத்தில் நான் இல்லை. விழுங்குவதற்கு இங்கே எத்தனை உறக்க மருத்துவர்கள் இருக்கிறார்கள்? என் கவலை வேறு. ஆளுக்கேற்ற மருத்துவம் என்கிறார்களே, அளவெடுத்தது எந்த ஆளிடம்?

தையற்காரர் என் சட்டைக்கு என் தோளை அளக்காமல் என் சட்டையைத் தைக்க முடியாது. கணிப்பொறியும் அப்படியே. அது எந்த மக்களின் இரவுகளைப் படித்ததோ, அந்த மக்களையே நன்கறியும். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நோய் உண்டா என அறிய உலகெங்கும் கேட்கப்படும் எட்டுக் கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்று, 2008இல் கனடாவில் உருவானது. அதில் ஒரு கேள்வி, உடல் நிறை எண் 35க்கு மேலா என்பது. 165 செண்டிமீட்டர் உயரமுள்ளவர் இதற்கு 'ஆம்' என்று சொல்ல 95 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். நம் ஊரில் அப்படி எத்தனை பேரைக் காட்ட முடியும்? இந்தியர்களுக்கு 25இலேயே பருமன் தொடங்குகிறது என நம் மருத்துவர்கள் கொள்கின்றனர். அதே உயரத்துக்கு அது 68 கிலோ. மெலிந்தவராகத் தோன்றும் நம்மவர்க்கும் தாடை அமைப்பால் மூச்சுப் பாதை குறுகி இந்நோய் வருகிறது. பகல் உறக்கத்தை அளக்க மெல்போர்ன் நகரில் உருவாகி 1991இல் வெளியான இன்னொரு வினாப் பட்டியலில், போக்குவரத்து நெரிசலில் காருக்குள் இருக்கும்போது கண் அயர்வீர்களா என்று ஒரு கேள்வி. ஆடு மேய்க்கும் பெரியவர் இதற்கு என்ன விடை சொல்வார்?

கேள்வித்தாளை விடுங்கள், கருவியைப் பாருங்கள். விரலில் மாட்டி உயிர்வளியை அளக்கும் கருவியைக் கொரோனாக் காலத்தில் நாம் எல்லோரும் கண்டோம். வீட்டிலேயே செய்யும் உறக்கச் சோதனைக்கு அதுவே உயிர்நாடி. கறுப்பின நோயாளிகளிடம் அந்தக் கருவி உயிர்வளிக் குறைவைக் காணாமல் விடுவது வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினர். ஒளியைத் தோலின் வழியே செலுத்தி அளப்பதால் தோலின் நிறம் கணக்கைக் குழப்புகிறது. வெங்காயக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் வெயிலில் கறுத்த நம் விரல்களுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று சோதிக்காமல், அந்த எண்ணின் மேல் எத்தனை பெரிய நுண்ணறிவைக் கட்டினாலும் அடித்தளம் ஆடும்.

தமிழகத்திலேயே இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைக் கணிப்பொறியே கண்டறியும் முறையைக் கூகுள் நிறுவனத்தார் 2016இல் வெளியிட்டனர். அதற்குக் கற்பித்த 1,28,175 படங்களில் அமெரிக்கப் படங்களோடு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் கலந்திருந்தன. பின்னர் அதே இரு மருத்துவமனைகளில் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்து 2019இல் முடிவை வெளியிட்டனர். அந்த எந்திரம் நம் கண்களைப் பார்த்துக் கற்றது. நம் கண்களிலேயே தேர்வும் எழுதியது. உறக்க நோய்க்கும் அந்த வழியை ஏன் பின்பற்றக் கூடாது?

என் தாய்மாமன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர். எழுபது கிலோ, பார்த்தால் யாரும் பருமன் என்று சொல்ல மாட்டார்கள். வெளியூரில் ஓர் இரவு தங்கிச் சோதனை செய்துகொண்டு, அத்தையின் சங்கிலியை அடகு வைத்துக் கருவியும் வாங்கினார். முகமூடி அவர் முகத்தில் உட்காரவே இல்லை. மூக்கோரம் காற்று கசிந்து கண்ணெரிச்சல். "மாப்ள, இதை மாட்டிக்கிட்டுப் படுத்தா ஏரிக்குள்ள முங்குன மாதிரி இருக்குடா" என்றார். இப்போது அது பரண்மேல் இருக்கிறது. வேறு அளவு முகமூடி கேட்கலாமே என்றேன். அதற்கு அவர் சொன்ன விடைதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. "கேக்கப் போனா, சீக்குக்காரன்னு ஆபீசுக்குத் தெரிஞ்சுபோயி வண்டிய வாங்கிக்குவாங்கடா."

ஆளுக்கேற்ற மருத்துவத்தின் மறுபக்கம் இது. ஆளைப் பற்றி நிறைய அறிந்தால்தான் ஆளுக்கேற்ற சிகிச்சை. ஆனால் அறிந்ததை யார் வைத்துக்கொள்வது? இன்றைய கருவிகள் பலவும் ஒவ்வோர் இரவும் எத்தனை மணி நேரம் அணிந்தீர்கள் என்பதைத் தாமே தொலைவிலுள்ள நிறுவனத்துக்கு அனுப்புகின்றன. அமெரிக்க முதியோர் காப்பீட்டில் தொடக்கக் காலத்தில் இரவுக்கு நான்கு மணி நேரம், நூற்றுக்கு எழுபது இரவுகள் அணிந்ததாகக் கருவி சான்று சொன்னால்தான் பணம் தொடரும். அந்தக் கணக்கு இங்கே ஒரு முதலாளியின் மேசைக்குப் போனால் என்னாகும்? தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியுள்ளது. சட்டம் இருப்பது வேறு, ஓர் ஓட்டுநர் அதை நம்பி வாய் திறப்பது வேறு.

ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் ஓர் ஆணை பிறப்பித்தது. நடுத்தர, கடுமையான மூச்சுத்தடை உள்ளவர் சிகிச்சை பெற்று, நோய் கட்டுக்குள் இருப்பதாக மருத்துவர் சான்றளித்தால் வண்டி ஓட்டலாம் என்கிறது அது. நம் ஓட்டுநர் உரிம விண்ணப்பத்தில் வலிப்பு உண்டா, மயக்கம் உண்டா என்று கேட்கிறார்கள். உறக்க மூச்சுத்தடை பற்றிக் கேள்வியே இல்லை. கேள்வியை மட்டும் சேர்த்தால் போதும் என்று யாரேனும் கருதினால் நான் அதை எதிர்க்கிறேன். சிகிச்சைக்கு வழி செய்யாமல் கேள்வியை மட்டும் சேர்த்தால், 'இல்லை' என்று எழுதக் கற்றுக்கொடுப்போம், அவ்வளவே. மத்திய அரசு ஊழியருக்கு அவர்தம் நலத்திட்டம் இக்கருவிக்குப் பணம் தருகிறது. கல் லாரி ஓட்டுபவர் அத்தையின் சங்கிலியை நாடுகிறார்.

ஆகவே எந்திரம் வருவதற்கு முன் இங்கே நடக்க வேண்டியவை சில உண்டு. 2021 ஆகஸ்டு முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். மாத்திரைக்கு அடங்காத இரத்த அழுத்தத்துக்கு இந்த மூச்சுத்தடை ஒரு முக்கியக் காரணம். அந்தப் பெண் தன்னார்வலர்களின் பையில் ஓர் அங்குல நாடாவையும் நம் மக்களுக்கேற்ற நான்கைந்து கேள்விகளையும் சேர்ப்பதால் அரசுக்குப் பெருஞ்செலவாகிவிடாது. அரியலூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இரு மாவட்டத்துக்கும் பொதுவாக வலுவான உறக்க ஆய்வுப் பிரிவு ஒன்று அங்கே அமைந்து, ஓட்டுநர்களின் இரவுகளும், வயலில் உழைக்கும் பெண்களின் இரவுகளும், பெயர் நீக்கிப் பதிவாக வேண்டும். அந்தப் பதிவுகளைக் கேட்டு நிறுவனங்கள் நிச்சயம் வரும். வரட்டும். விலையாகப் பணம் வேண்டாம். அந்த எந்திரம் நம் மக்களிடம் எவ்வளவு தவறுகிறது என்ற கணக்கை முதலில் வெளியிடு, அரசு மருத்துவமனைக்கு அதைக் கட்டணமின்றிக் கொடு என்று கேட்கலாம். கணினி அறிவியல் பயிலும் நண்பர்களுக்கும் இதில் வேலை உண்டு. தொலைவில் எழுதிய நிரலை இங்கே சரிபார்ப்பதும் அறிவியலே; ஏட்டுச் சுரைக்காயைக் கறிக்கு ஆகுமாறு செய்யும் வேலை.

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தார் ஆண்டுதோறும் சிறப்பு முகாம் நடத்துகிறோம். இரத்த அழுத்தம் பார்க்கும் மேசைக்குப் பக்கத்தில் இவ்வாண்டு இன்னொரு மேசை போடலாம் என்று திட்ட அலுவலரான பேராசிரியரிடம் விண்ணப்பிக்கிறேன். எடை பார்க்கும் பொறி ஒன்று, கழுத்தளக்க ஒரு நாடா, 'உறக்கத்தில் உங்கள் மூச்சு நிற்பதை வீட்டார் கண்டதுண்டா?' என்ற கேள்வி. முதலாளி பெயரோ, வண்டி எண்ணோ கேட்கக் கூடாது. 'ஆம்' என்பவர்களுக்கு மருத்துவக் கல்லூரிக்குச் செல்ல ஒரு சீட்டு; அதைக் கொடுப்பதற்கு முன் முதல்வர் வழியாக அங்குள்ள மருத்துவர்களிடம் பேசி வைத்துவிட வேண்டும். அந்த மேசையை ஊராட்சிப் பள்ளியில் போட்டால் ஓட்டுநர் ஒருவரும் வரமாட்டார். சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையில் காத்து நிற்கும் இடத்தில், மாலை ஆறு மணிக்கு மேல் போட வேண்டும். பேச்சுத் துணைக்கு என் மாமாவை அழைத்து வருவது என் பொறுப்பு.